ஹெவியாவும் வேணும் கிளீனாவும் வேணும்னா எந்த ஹம்பக்கர் (கம்பி அதிர்வ சிக்னலா மாத்துற ரெட்டைக் காயில் கிட்டார் பிக்கப்)?

டர்பன்ல, அதுவும் சாட்ஸ்வொர்த் பக்கம் வாசிக்கிறவங்களுக்குத் தெரியும், சனிக்கிழமை மெட்டல் கிக், ஞாயித்துக்கிழமை கல்யாண வீட்டுல பழைய சினிமா பாட்டு, ரெண்டுக்கும் ஒரே கிட்டார்தான். அதனால சும்மா அவுட்புட் அதிகமா இருக்கறதா பாத்து வாங்கிடாதீங்க, நானும் அப்படித்தான் ஒன்னு வாங்கி, கிளீன் சவுண்டே வராம ரேண்டெல்லாம் வீணாச்சு.

பிரிட்ஜ் பக்க பிக்கப்புக்கு சீமோர் டங்கன் கம்பெனியோட ஜேபி மாதிரி போங்க, அல்னிகோ 5 மேக்னட், காயில் ரெசிஸ்டன்ஸ் சுமார் 16 கிலோஓம், டிஸ்டார்ஷன்லயும் நோட் தனியா கேக்கும். இன்னும் இறுக்கமா வேணும்னா செராமிக் மேக்னட், 1972ல வந்த டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன் அந்த வகைதான். நெக் பக்க பிக்கப்புக்கு குறைஞ்ச அவுட்புட் போதும், 7லேர்ந்து 8 கிலோஓம் வரை, அதுலதான் கிளீன் இனிக்கும். ஆனா ஓம் கணக்க மட்டும் நம்பாதீங்க, காயில் வயர் மெல்லிசா இருந்தாலே அது ஏறிடும்.

முக்கியமா நாலு கண்டக்டர் வயர் உள்ளதா கேட்டு வாங்குங்க, புஷ்-புல் பாட் (இழுத்தா சுவிட்சா வேலை செய்யற வால்யூம்/டோன் திருகு) போட்டு காயில் ஸ்ப்ளிட் பண்ணா, அதாவது ரெண்டு காயில்ல ஒன்ன நிறுத்தினா, சிங்கிள் காயில் மாதிரி வரும், கொஞ்சம் இரைச்சலும் கூடவே வரும். வயர் கலர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டயக்ராம் பாக்காம சால்டரிங் அயர்ன தொடாதீங்க. பாட் 500 கிலோஓம். ஃப்ளாய்ட் ரோஸ் (கம்பிய பூட்டி வைக்கிற ட்ரெமோலோ) பிரிட்ஜ்னா, அதோட கம்பி இடைவெளிக்கு ஏத்த அகல ஸ்பேசிங் பிக்கப் கேளுங்க.

மாட்டினதும் பிக்கப் உயரத்த ஸ்க்ரூல ஏத்தி இறக்கிப் பாருங்க, பாதி டோன் அங்கதான் இருக்கு.