தண்டுவடக் காயம்: வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியவை

நரம்பிழைகளின் கட்டான தண்டுவடம் மூளையிலிருந்து இறங்கி, முதுகெலும்பின் நடுவே ஓடி, பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவில் முடிகிறது. எலும்பு முறிவும் தண்டுவடக் காயமும் வேறு வேறு. முறிந்த எலும்பைத் திருகாணி வைத்து நிலைநிறுத்திவிடலாம். நசுங்கிய நரம்பிழைகள் அதனால் மட்டும் பிழைத்துவிடுவதில்லை. "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்களே, கால் ஏன் அசையவில்லை?" என்று வீட்டார் தவிப்பதற்கு இந்த வேறுபாட்டை யாரும் நிதானமாக எடுத்துச் சொல்லாததே பெரும்பாலும் காரணம்.

சாரத்திலிருந்து விழுந்தவரையோ பைக் விபத்தில் சிக்கியவரையோ கைகால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஆம்புலன்ஸ் வரும்வரை படுத்தபடியே இருக்க விடுங்கள். வாந்தி எடுத்தால், தலை, தோள், இடுப்பு ஆகியவை ஒரே கோட்டில் இருக்கும்படி, பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: காயம் எந்த மட்டத்தில், அது முழுமையானதா பகுதியானதா. கழுத்தில் பட்டால் கைகளும் கால்களும் பாதிக்கப்படும். நெஞ்சுக்கூட்டிலோ அதற்குக் கீழோ பட்டால் கைகள் தப்பும். கழுத்தின் மேற்பகுதியில் பட்டால் மூச்சை இயக்கும் தசையான உதரவிதானம் செயலிழந்து மூச்சே சிக்கலாகும். ஆசனவாயைச் சுற்றி உணர்வோ அசைவோ எஞ்சியிருந்தால் காயம் பகுதியானது; மீட்சிக்கான வாய்ப்பும் கூடுதல். ஆரம்ப நாட்களில் தண்டுவட அதிர்ச்சியால் எல்லாமே அடங்கிக் கிடக்கும் என்பதால், முதல் வாரத்தில் சொல்லப்படுவதையே இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் உயிரைக் காப்பது தோல், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகிய மூன்றின் பராமரிப்பே என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உணர்வற்ற உடம்பு வலியால் எச்சரிக்காது. விரிப்பின் மடிப்பு, லுங்கியின் முடிச்சு, சட்டைப்பையிலிருந்து நழுவி உடம்புக்கு அடியில் சிக்கிய ஒரு நாணயம் ஆகியவைகூடப் படுக்கைப்புண்ணில் கொண்டுபோய் விடலாம். படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருமுறை முன்னால் சாய்ந்தோ, கையூன்றி எழும்பியோ பிட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காலையும் இரவும் வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம், அழுத்தம் நீங்கியும் அரை மணி நேரத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால், அந்தப் பக்கம் மீண்டும் படுக்கக் கூடாது. மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். ஆகவே சூடும் தடிப்பும் இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். சூடான டீ டம்ளரை மடியில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

சிறுநீரைப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கையைச் சோப்பால் கழுவிவிட்டு, சுத்தமான கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) மூலம் வெளியேற்றப் பயிற்சி தருவார்கள். கை வேலை செய்பவர் இதைத் தானே செய்யப் பழகுவது அவருடைய மானத்துக்கும் நல்லது, சிறுநீரகத்துக்கும் நல்லது. மலம் கழிக்க நாள்தோறும் ஒரே நேரத்தை, முடிந்தால் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள், வழக்கமாக்குங்கள்.

நெஞ்சுப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம்பட்டவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, மேலுடம்பில் வியர்வை ஆகியவை வந்தால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் மருத்துவமனைக்கு விரையுங்கள். இவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் சென்னையின் மே மாத வெயிலில் உடல் வெப்பம் எளிதில் ஏறிவிடும். ஈரத்துணியும் மின்விசிறியும் அப்போது மருந்துக்குச் சமம்.

சென்னையில் கே.கே. நகரிலுள்ள அரசுப் புனர்வாழ்வு மருத்துவமனை இதற்கென்றே இருப்பது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வளர்த்த புனர்வாழ்வுத் துறை வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது. ஸ்டெம் செல் ஊசியால் நடக்க வைப்பதாகச் சொல்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு அது இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. அந்தப் பணத்தில் முதலில் அளவெடுத்த சக்கர நாற்காலியும் அழுத்தம் குறைக்கும் மெத்தையும் வாங்குங்கள்.

வீடு திரும்பும் தேதி குறிக்கப்படும் முன்பே குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துவிடுங்கள். நாற்காலி தாராளமாக நுழைய ஏறக்குறைய மூன்றடி தேவை. வாசற்படியின் உயரம் ஆறு அங்குலம் என்றால் சாய்தளம் ஆறடி நீளம் இருக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் இதை நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதே பேசி முடிப்பது நல்லது.