ஷவர் லைன் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஃப்லான் டேப் சுற்றாமல் விட்டதும் வாஷர் விடுபட்டதும் ஒழுகும்போதே தெரிந்துவிடும். சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். டைல் ஒட்டிய பிறகு தெரியவரும் தவறுகள்தான் ஆளைக் கொல்லும்.

டேங்கிலிருந்து ஷவர் வரை அரை இன்ச் பைப்

ஷவரின் இணைப்பு அரை இன்ச், அதனால் பைப்பும் அரை இன்ச் போதும் என்று வேலை பழகுபவர்கள் திரும்பத் திரும்ப முடிவுகட்டுகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது. அரை இன்ச் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) பைப்பின் உள்விட்டம் சுமார் 12 மி.மீ.தான். அதில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால், 10 மீட்டர் நீளத்துக்குள் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் உராய்விலேயே கரைந்துவிடும். டேங்கின் நீர்மட்டம் ஷவருக்கு மேலே மொத்தமே 3 மீட்டர் என்றால் மிச்சம் என்ன? முக்கால் இன்ச்சில் அதே தண்ணீருக்கு இழப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

பிறகு தண்ணீர் குறைவாக வருகிறதென்று ஷவர் ஹெட்டை மாற்றுவார்கள், டைவர்ட்டரை (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு) பிரிப்பார்கள், பம்ப் வாங்குவார்கள். அதற்கு முன் ஹெட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் வாளியில் பிடித்துப் பாருங்கள். அப்போதும் 5 லிட்டர்தான் விழுகிறது என்றால் ஹெட்டின் மேல் குற்றமில்லை. வால்வுகள் முழுதாகத் திறந்திருந்தும் இப்படித்தான் என்றால் கோளாறு பெரும்பாலும் லைனில்தான். சுவருக்குள் போன பைப் என்றால் டைலை உடைக்க வேண்டியதுதான்.

டேங்கிலிருந்து குளியலறை வரை ஒரு இன்ச், அங்கிருந்து கீசருக்கும் டைவர்ட்டருக்கும் முக்கால் இன்ச். அரை இன்ச் கடைசி எல்போவில் மட்டும். லைனில் முழுத்துளை பால் (ball) வால்வு போடுங்கள். ஸ்டாப் காக் வேண்டாம், உள்ளே தண்ணீர் வளைந்து போவதால் அதுவும் அழுத்தத்தைத் தின்னும்.

கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏறி இறங்கும் பைப்

மேட்டில் காற்று தங்கி ஓட்டத்தை அடைக்கும். பைப் டேங்கிலிருந்து இறங்கிக்கொண்டே போகட்டும். முடியாவிட்டால் மேட்டில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, காற்றுக்குழாயை டேங்கின் நீர்மட்டத்துக்கு மேல் ஏற்றி, வாயைத் திறந்தே விடுங்கள்.

குளிர்ந்த நீருக்கு மட்டும் பம்ப்

இரண்டும் கலக்கும் மிக்சர் குழாயில் குளிர்ந்த நீர் வெந்நீரைத் திருப்பித் தள்ளும். கீசருக்குப் பிரிவதற்கு முன்பே, பொது லைனில் பம்ப்பை வையுங்கள். கீசர் எத்தனை பார் (அழுத்த அளவு) தாங்கும் என்று முதலில் பாருங்கள். அதன் சேஃப்டி வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

லைனைக் கழுவாமல் டைவர்ட்டர் மாட்டுவது

மாட்டுமுன் இரண்டு நிமிடம் திறந்து ஓடவிடுங்கள்.

அழுத்தச் சோதனை இல்லாமல் பூச்சு

கூடவே கூடாது.

குறைந்த அழுத்தத்தில் பெரிய ரெயின் ஷவர்

பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் 1 பார் என்று போட்டிருந்தால், அதற்கு 10 மீட்டர் உயரத் தண்ணீர் வேண்டும்.