ஆறு வருடம் முடிந்தது என்று வந்த கடிதம்

2024-இல் பல்கலைக்கழக ஆராய்ச்சி செக்‌ஷனிலிருந்து கடிதம்: ஆறு ஆண்டு முடிந்தது, பதிவு ரத்தாகும். பகுதி நேரமாக முனைவர் பட்டம், நடுவில் குழந்தை. ஆய்வேட்டில் ஒரு இயல் பாக்கி.

முதலில் நான் செய்தது தப்பு. யாரோ சொன்னார்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறையைக் காட்டி, பெண்களுக்குப் பத்து ஆண்டு வரை உண்டு என்று மனு எழுதினேன். திரும்பி வந்தது. நான் பதிவு செய்தது 2018-இல். எனக்குப் பொருந்துவது 2016 விதிமுறை. அதைத் தேடிப் படித்தேன். உச்சவரம்பு ஆறு ஆண்டுதான், ஆனால் பெண்களுக்கு இரண்டு ஆண்டு தளர்வு தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. அது போக, மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, மொத்தக் காலத்தில் ஒருமுறை, 240 நாள் வரை. செக்‌ஷனில் இதை யாரும் வாயே திறக்கவில்லை!

‘தரலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘தர வேண்டும்’ என்றில்லை. அதனால் வெறும் மனு போதாது. ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்க ஆறு மாதத்துக்கொருமுறை நடந்த ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டக் குறிப்புகளை எல்லாம் திரட்டினேன். ஒன்றில் கையெழுத்தே இல்லை. நெறியாளர் அலுத்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். அப்புறம் குழுவின் பரிந்துரை, விதியின் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஏழு வாரம் கழித்து நீட்டிப்பு ஆணை வந்தது.