1969 கமாரோ இசட்/28: ஆலையிலிருந்து வந்தபடியே மீட்டெடுக்கும் முறை

கமாரோ காரின் வேகமான தனி வகை இசட்/28; 1969-ல் செவ்ரோலெ தயாரித்தவை 20,302. இன்று அந்தப் பெயரோடு விற்பனைக்கு வருபவற்றில் சாதாரண கமாரோவில் பேட்ஜ் ஒட்டியவையும் உண்டு. அதனால் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றுவதற்கு முன் வண்டி சொல்லும் எண்களைப் படித்துவிடுங்கள்.

வின் எண் (வண்டியின் அடையாள எண்) தகடு டேஷ்போர்டின் இடது ஓரத்தில், முன்கண்ணாடி வழியே தெரியும். 124379 என்ற தொடக்கம் வி8 எஞ்சின் கொண்ட 1969 கூபே என்பதைக் காட்டும். அடுத்த எழுத்து ‘என்’ என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் கலிஃபோர்னியாவின் வேன் நைஸ். ஃபயர்வாலில் (எஞ்சின் அறையையும் உட்புறத்தையும் பிரிக்கும் தகட்டில்) அடித்திருக்கும் டிரிம் டேக் வண்டியின் நிறம், கட்டிய வாரம் போன்றவற்றைச் சொல்லும்; அதில் 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு நிறம். 03பி என்றால் மார்ச் இரண்டாம் வாரம் கட்டியது. 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட் டேகுகளில் எக்ஸ்33, எக்ஸ்77 என்ற குறிகள் வந்தன. இரண்டுமே இசட்/28-ஐக் குறிப்பவை. வேன் நைஸ் டேகில் இந்தக் குறி கிடையாது, ஆகவே அங்கே கட்டிய வண்டிக்குக் காகிதச் சான்று இன்னும் முக்கியம். பெட்ரோல் டேங்கின் மேல்பக்கத்தையும் இருக்கை ஸ்பிரிங்குகளின் இடுக்கையும் தேடுங்கள்; சில வண்டிகளில் ஆலையின் பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன பூட்ட வேண்டும் என்ற பட்டியல்) அங்கே மடங்கிக் கிடக்கும். அமெரிக்காவில் விற்ற கமாரோக்களுக்கு ஆலைப் பதிவேடு மிஞ்சவில்லை. கனடாவில் விற்றவற்றுக்கு ஜி.எம். கனடாவிடம் உண்டு.

எஞ்சினில், வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சின்ன மட்டத்தில் (தட்டையான பரப்பில்) வி0312டிஇசட் போன்ற முத்திரை இருக்கும். வி என்பது ஃப்ளின்ட் ஆலை, நடுவில் மாதமும் தேதியும், டிஇசட் என்பது 302 கன அங்குல இசட்/28 எஞ்சின். இந்தத் தேதி வண்டி கட்டிய வாரத்துக்கு முன்பு இருக்க வேண்டும். மார்ச்சில் கட்டிய வண்டியில் ஏப்ரல் எஞ்சின் இருந்தால் அது அந்த வண்டியோடு பிறந்ததல்ல. இந்த மட்டம் ஹெட் உட்காரும் பரப்போடு ஒரே தளத்தில் இருக்கிறது. லேத் பட்டறையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவினால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். போனால் வண்டியின் மதிப்பில் பெரும்பகுதி போயிற்று. “மேல்பரப்பைத் தொடாதே” என்று பிளாக்கிலேயே எழுதி அனுப்புங்கள். மறுபடி முத்திரை குத்தித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

பாடி வேலையில் துரு பிடிக்கும் இடங்கள் எப்போதும் அவைதான்: முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் கௌல் அறை, பின்கண்ணாடியின் கீழ்மூலைகள், டிக்கியின் தளம், குவார்ட்டர் பேனலில் (பின்பக்கவாட்டுத் தகட்டில்) பின்சக்கரத்துக்குப் பின்பகுதி, வினைல் கூரையின் அடிப்பகுதி. கௌலைப் பார்க்கத் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். உள்ளே கால்வைக்கும் இடம் நனைந்தால் ஓட்டை. தகட்டை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து நிறுத்துங்கள், இல்லையென்றால் பாடி தொய்ந்து கதவு பிறகு மூடாது. பழைய ஸ்பாட் வெல்டிங்கை அதற்கான கட்டரால் துளைத்தெடுத்து, புதியதை அதே இடைவெளியில் வையுங்கள். நீளமாக இழுத்து வெல்ட் செய்தால் சூட்டில் தகடு அலையடிக்கும். அங்கங்கே புள்ளியாக வைத்து ஆறவிடுங்கள். பானெட், கதவு போன்ற பெரிய தகடுகளுக்கு மணல் பீய்ச்சுவதும் அதே விளைவைத் தரும், பிளாஸ்டிக் துகள் போதும். எஞ்சினைத் தாங்கும் முன் சப்ஃப்ரேமைத் (தனிச் சட்டத்தைத்) திரும்பப் பூட்டும்போது, ஃபயர்வால் அருகே சப்ஃப்ரேமிலும் பாடியிலும் உள்ள நேர்த்துளைகளில் 5/8 அங்குலக் கம்பியைச் செருகி நேர்பிடித்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள்.

பெயிண்டில்தான் பலரும் தவறுகிறார்கள், அதுவும் நல்லெண்ணத்தால். ஆலை அடித்தது அக்ரிலிக் லாக்கர். பரப்பில் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற லேசான சொரசொரப்பு இருந்தது, அடிப்பகுதியில் ப்ரைமர்மேல் பாடி நிறம் தெறித்துக் கிடந்தது. இன்றைய கிளியர் கோட்டைக் (நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சைக்) கண்ணாடிபோலப் பளபளக்க அடித்தால் அது அழகான வண்டி, ஆனால் 1969 வண்டி அல்ல. லாக்கரே அடிப்பதானால் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். தடித்தால் சில ஆண்டுகளில் வெடிக்கும். ஃபயர்வால் அரைப்பளபளப்புக் கறுப்பு. பானெட் கீல்கள் பாஸ்பேட் பூச்சு பெற்ற சாம்பல், பெயிண்ட் கிடையாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வெறும் வார்ப்பிரும்பு. போல்ட் தலைகளில் உள்ள உற்பத்தியாளர் குறிகளைப் படமெடுத்து, அதே போல்ட்டைச் சுத்தம் செய்து திரும்பப் போடுங்கள். புதுக் கடை போல்ட் ஒரு பார்வையில் காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின் பூட்டும்போது ஹெட் போல்ட்டுகளின் புரியில் சீலன்ட் தடவுவது அவசியம். அவை தண்ணீர் ஓடும் அறைக்குள் இறங்குகின்றன. நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று கட்டமாக 65 அடி-பவுண்ட் வரை முறுக்குங்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் இது; ஈயமில்லாத பெட்ரோலில் தேயாமலிருக்க எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினச் சீட் வைத்துவிடுங்கள், வெளியே தெரியாது.

வால்வுகளைத் திறக்கும் இதன் கேம், தட்டை டேப்பட் வகை; கேமின் மேடுகள் (லோப்) தட்டையான டேப்பட்டில் உரசி ஓடும். முதல் ஓட்டத்தில் கவனம் தவறினால் லோப் தேய்ந்து, இரும்புத் தூள் பேரிங் வரை போகும். லோப்களில் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள், துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் ஊற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில் வைத்து ஆயில் பம்பைச் சுழற்றி அழுத்தம் ஏற்றுங்கள். டைமிங்கை முன்பே வைத்து, கார்புரேட்டரை நிரப்பி, முதல் சுழற்றலிலேயே பற்றும்படி செய்யுங்கள். நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால் பேஸ்ட் வழிந்துவிடும். பற்றியதும் ஐடிலில் விடாமல் உடனே 2,000-2,500 ஆர்பிஎம்-க்கு ஏற்றி, மேலும் கீழுமாக மாற்றி 20 நிமிடம் ஓட்டுங்கள். பின்னர் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் வால்வு இடைவெளியை 0.030 அங்குலம் வையுங்கள்.