களத்தில் இறங்குமுன்: ஆய்வுக்கான அளவீட்டைத் திட்டமிடும் முறை

கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் கூடியிருக்கிறது? முதன்முதலாக ஆய்வு செய்பவருக்குப் பொருத்தமான கேள்வி. இதையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

படி 1: வெற்று அட்டவணை
உடனே வினாக்கொத்தை எழுத உட்காராதீர்கள். அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் கீறுங்கள். எந்த அட்டவணையிலும் இடமில்லாத கேள்வியை வெட்டிவிடுங்கள். வியாபார நேரத்தில் ஒருவரை அரை மணித்தியாலம் மறித்து வைக்க முடியாது.

படி 2: வரைவிலக்கணம்
மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இவற்றில் ஒன்றைத் தொட்டாலே 'கூடியவர்' என்று எழுதி வையுங்கள். பிரஷருக்கு மருந்து எடுப்பவரையும் சேருங்கள். இல்லாவிட்டால் குளிசையால் கட்டுப்பாட்டில் இருப்பவர் நோயில்லாதவராகிவிடுவார். "நேற்று எத்தனை மணித்தியாலம் நின்றீர்கள்?" என்று போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) மறுநாள் கேட்டால் பலரிடம் பூச்சியம்தான் வரும். "கடை திறந்திருந்த கடைசி நாளில்" என்று கேளுங்கள்.

படி 3: அளக்கும் முறை
ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மாடிக் களஞ்சியத்தில் அளந்தால், படியேறி வந்தவரை 5 நிமிடம் பேசாமல் இருத்துங்கள். முதுகு சாயக் கதிரை வேண்டும், முக்காலி சரிவராது. பாதங்கள் நிலத்தில், கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல். கை தொங்கினால் அளவு கூடிக் காட்டும். முந்தைய 30 நிமிடத்தில் தேத்தண்ணியோ சிகரெட்டோ கூடாது. மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்து, பிரஷர் கருவியின் கையில் சுற்றும் பட்டியில் அச்சிட்டிருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினாலும் அளவு கூடும். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை அளந்து, கடைசி இரண்டின் சராசரியை எடுங்கள். 137 வந்தால் 137 என்றே எழுதுங்கள். 140 என்று முழுமையாக்கினால் ஆளே மறுபக்கம் மாறிவிடுவார்!

படி 4: எத்தனை பேர்?
பிரஷர் கூடியவர்கள் 50% என்று எடுத்து, 95% நம்பிக்கையில் ±5% பிழையை ஏற்றால் 385 பேர். பத்தில் ஒருவர் மறுப்பார் என்றால் 385 ÷ 0.9, அதாவது 428. ஒரே கடையில் பலரை எடுத்தால் இது போதாது. அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால் புள்ளிவிபரவியலாளரைக் கேட்டுக் கூட்டுங்கள்.

படி 5: மொழி
சிங்களத்திலும் தமிழிலும் வினாக்கொத்து வேண்டும். வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிடுங்கள். 'நீரிழிவு' என்பதை விட 'சீனி வருத்தம்' சட்டென்று விளங்கும்.

படி 6: பதிவு
அடையாள அட்டை இலக்கம் வேண்டாம். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்களில் பிறந்த ஆண்டும், அடுத்த மூன்றில் பிறந்த நாளும் இருக்கின்றன. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். 001, 002 என்று நீங்களே இலக்கமிடுங்கள். பெயர்ப் பட்டியலை வேறாகப் பூட்டி வையுங்கள். பதில் இல்லாத இடத்துக்கு 99 போடாதீர்கள், கீழ் அளவு 99 உண்மையாகவே வரும். 999 பாதுகாப்பானது.

படி 7: ஒத்திகை
ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைத்த பின், வெள்ளவத்தைக் கடைகளில் 15 பேரிடம் செய்து பாருங்கள். இவர்களை இறுதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கடிகாரம் பார்த்து, எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள் என்று குறியுங்கள்.

180/120க்கு மேல் வந்தால் என்ன செய்வது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். மீண்டும் அளந்து, அளவை எழுதிக் கையில் கொடுத்து, அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். நெஞ்சு நோவோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.