ரிபேஸை எந்தக் கொமிட்டிலிருந்து தொடங்குவது?

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட் (Git); அதில் ஒவ்வொரு பதிவும் கொமிட் எனப்படும். அண்மைய கொமிட் வரலாற்றைத் திருத்த 'ரிபேஸ் -ஐ' (git rebase -i) கட்டளையைக் கொடுக்கும்போது, நாம் குறிப்பிடும் கொமிட் திருத்தத்துக்கு உட்படுவதில்லை. அதற்கு அடுத்ததிலிருந்தே திருத்தக்கூடிய கொமிட்டுகளின் பட்டியல் தொடங்குகிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைக் குழுவாகச் செய்யும் மாணவர்கள் இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

மருதமுனைக் கைத்தறித் துணிகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நுனியிலிருந்து, அதாவது கடைசிக் கொமிட்டிலிருந்து, மூன்றாவதாக நிற்கும் விலைப்பட்டியல் கொமிட்டைத் திருத்த வேண்டும். நுனியே ஹெட் (HEAD) என்பதால் அந்தக் கொமிட் ஹெட்~2 ஆகும். கட்டளைக்குக் கொடுக்க வேண்டியதோ அதன் பெற்றோரான, அதாவது அதற்கு நேர்முன் நிற்கும், ஹெட்~3. திறக்கும் பட்டியலில் மூன்று வரிகள் இருக்கும். 'கிட் லொக்' காட்டும் ஒழுங்குக்கு மாறாக, பழையது மேலே நிற்கும்.

இரு கிளைகளை (தனித்தனி வேலைத் தொடர்களை) ஒன்றாக்கும் இணைப்புக் கொமிட் இடையில் இருந்தால் இந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். '~' குறி முதற் பெற்றோரின் வழியே மட்டும் பின்செல்கிறது. பட்டியலிலோ இணைந்த கிளையின் கொமிட்டுகளும் வந்து சேர்கின்றன, இணைப்புக் கொமிட் வழமையாகக் கைவிடப்படுகிறது. எண்ணுவதைவிட, திருத்த வேண்டிய மிகப் பழைய கொமிட்டின் ஹாஷை (அடையாளக் குறியை) எடுத்து அதன் பின்னால் ~1 சேர்ப்பதே பாதுகாப்பானது. '^' குறியும் அதே பொருளைத் தரும். ஆனால் விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம் அதனை விழுங்கிவிடும். களஞ்சியத்தின் முதற் கொமிட்டுக்குப் பெற்றோர் இல்லாததால், அதற்கு '--ரூட்' (--root) தேவை.

எவ்வளவு தூரம் பின்செல்லலாம் என்பதே முக்கியமான கேள்வி. ஒரு கொமிட்டை மாற்றினால் அதன் பின்வரும் எல்லாக் கொமிட்டுகளின் ஹாஷும் மாறுவதால், குழுவினர் ஏற்கெனவே இழுத்தெடுத்தவற்றைத் தொடவே கூடாது. தொடக்கக் கொமிட் எதனையும் கொடுக்காவிட்டால், உங்கள் கிளை பின்தொடரும் தொலைக் கிளையையே (பகிர்வுக் களஞ்சியத்தில் உள்ள கிளையை) கிட் எடுத்துக்கொள்ளும். இன்னும் அனுப்பப்படாத கொமிட்டுகள் மட்டும் பட்டியலில் வரும். ஆயினும் தொலைக் கிளை முன்னேறியிருந்தால் உங்கள் வேலை அதன் நுனிக்கு நகர்த்தப்பட்டுவிடும். நகர்த்தாமல் திருத்த விரும்பினால், 'மெர்ஜ்-பேஸ்' (git merge-base) கட்டளை காட்டும், இரு கிளைகளுக்கும் பொதுவான கொமிட்டைக் கொடுங்கள்.

பட்டியல் எதிர்பார்த்தபடி இல்லையென்றால், எல்லா வரிகளையும் அழித்துச் சேமியுங்கள். ரிபேஸ் கைவிடப்பட்டு, கிளை இருந்தபடியே இருக்கும். முடிந்த பின்னரே பிழையைக் கண்டால், நுனி முன்பு இருந்த இடங்களைக் குறித்துவைக்கும் 'ரெஃப்லொக்' (reflog) பதிவில் பழைய நுனியின் ஹாஷைத் தேடி எடுத்து, கிளையை அங்கே மீட்டு வைக்கலாம்.