குழந்தைகள் தொலைக்காட்சியில் சாவு: எழுதுபவர்களும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் மிஸ்டர் ஹூப்பர் என்று ஒரு கடைக்காரர் இருந்தார். 1969-இல் நிகழ்ச்சி தொடங்கியதிலிருந்தே அந்தத் தெருக்கடையில் நின்றவர், கொஞ்சம் சிடுசிடுப்பு, நிறைய அன்பு. நடித்தவர் வில் லீ. 1950-களில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது கறுப்புப் பட்டியலில் மாட்டி வாய்ப்பிழந்தவர் அவர். பிறகுதான் நாடு முழுக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகமானார். 1982 டிசம்பர் 7 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். வயது 74.

தயாரிப்பாளர்கள் முன் சுலபமான வழிகள் இருந்தன. வேறு நடிகரைப் போட்டுவிடலாம். ஹூப்பர் ஓய்வுபெற்று ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார் என்று சொல்லிவிடலாம். இரண்டையும் தள்ளிவிட்டு, ஹூப்பர் இறந்துவிட்டார் என்றே சொல்வதென முடிவெடுத்தார்கள். குழந்தை உளவியல் தெரிந்தவர்களைக் கலந்து பேசினார்கள். நார்மன் ஸ்டைல்ஸ் எழுதினார். 1983 நவம்பர் 24 அன்று அது ஒளிபரப்பானது. நாற்பது வருஷம் கழித்தும் இந்த விஷயத்தில் பாடம் படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம். மற்றவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்பதும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரிகிறது.

பிள்ளைக்குத் தெரியாது என்று நினைப்பது

1962 டிசம்பரில் பிபிசியின் 'ப்ளூ பீட்டர்' நிகழ்ச்சி ஒரு நாய்க்குட்டியை அறிமுகப்படுத்தியது. ஓரிரு நாளில் அது நோய் வந்து செத்துவிட்டது. தயாரிப்பாளர்கள் லண்டனில் கடை கடையாகத் தேடி, அதே சாயலில் இன்னொரு குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து கேமரா முன் விட்டார்கள். அதுதான் பெட்ரா. 1977 வரை வாழ்ந்து, புகழ் பெற்று, செத்த பிறகு வெண்கலச் சிலையும் வாங்கியது. ஆள்மாறாட்டம் நடந்த கதை பார்வையாளர்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அவர்கள் தப்பித்ததற்குக் காரணம் அந்தக் குட்டி ஒரே ஒரு தடவைதான் திரையில் வந்திருந்தது. பதின்மூன்று வருஷம் தினமும் பார்த்த மனிதருக்கு இந்த வித்தை செல்லாது. பெரியவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துவதும் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பதும் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். என்ன நடந்தது என்பது மட்டும்தான் தெரியாது. அந்த இடத்தைப் பிள்ளை தானாக எதையாவது வைத்து நிரப்பிக்கொள்ளும். நான் அடம்பிடித்ததால்தான் அவர் போய்விட்டாரோ என்றுகூட நினைக்கும்.

மழுப்பலான வார்த்தை

'டிராகன் பால் ஸீ' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் 1996-இல் ஆங்கிலத்தில் வந்தபோது, அதில் யாரும் சாகவில்லை. 'அடுத்த பரிமாணத்துக்கு' அனுப்பப்பட்டார்கள். நரகக் காட்சி ஒன்றில் காவலர்களின் பனியனில் 'ஹெல்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை 'எச்எஃப்ஐஎல்' என்று மாற்றி, 'முடிவில்லாத தோல்வியாளர்களின் இல்லம்' என்று ஒரு விரிவும் கொடுத்தார்கள். இன்றுவரை ரசிகர்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பார்த்த பிள்ளைகளுக்கு உண்மை தெரிந்தேயிருந்தது.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? 'சாமிகிட்ட போயிட்டாங்க', 'ஊருக்குப் போயிருக்காங்க', 'தாத்தா தூங்குறார்'. கடைசியாகச் சொன்னது இருப்பதிலேயே மோசம். அன்றிரவு படுக்கப் போகப் பிள்ளை ஏன் அழுகிறது என்று பிறகு நாமே குழம்புவோம்.

நாலைந்து வயதில் சாவு பற்றிப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடாதவை முக்கியமாக மூன்று: போனவர் திரும்ப வரமாட்டார்; அந்த உடம்பு இனி மூச்சுவிடாது, பசிக்காது, வலிக்காது; எல்லோருக்கும் ஒருநாள் இது உண்டு. பள்ளிக்கூடம் போய்க் கொஞ்ச காலம் ஆகும்போதுதான் பெரும்பாலும் இவை சேர்ந்து பிடிபடுகின்றன. மழுப்பலான எந்த வார்த்தையும் முதல் விஷயத்தையே உடைத்துவிடுகிறது. ஊருக்குப் போனவர் திரும்பி வருவார், இல்லையா?

செசமி ஸ்ட்ரீட்டில் எட்டடி உயர மஞ்சள் பறவையான பிக் பேர்ட், தெருவில் எல்லோரையும் படம் வரைந்து ஒவ்வொருவரிடமும் கொடுக்கிறது. கடைசிப் படம் ஹூப்பருக்கு. அவர் திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. தெருவாசிகளான சூசன், டேவிட், பாப், கார்டன் எல்லாம் சுற்றி இருக்கிறார்கள். இறந்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று சூசன் சொல்கிறார். எப்போதுமேவா என்று கேட்கிறது. எப்போதுமே என்கிறார். இவ்வளவுதான். சொர்க்கம், நட்சத்திரம், தேவதை எதுவும் கிடையாது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் பார்க்கிற நிகழ்ச்சி. அதற்குமேல் உள்ளதை வீட்டில் அவரவர் நம்பிக்கைப்படி சொல்லிக்கொள்ளலாம்.

ஹூப்பர் எப்படி இறந்தார் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. நோய், ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தால், அடுத்த முறை அம்மாவுக்குக் காய்ச்சல் வரும்போது பிள்ளை மிரண்டுவிடும் என்ற யோசனை. இது ஒன்றில் மட்டும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காரணம் சொல்லலாம். ஆனால் அது நமக்கு வருகிற சளி, காய்ச்சல் மாதிரி இல்லை, ரொம்ப ரொம்பப் பெரிய நோய் என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

பிள்ளை கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது

பெரியவர்கள் சாவு என்றதும் தத்துவத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையின் முதல் கவலை வேறு. ஹூப்பர் வரமாட்டார் என்பது புரிந்ததும் பிக் பேர்ட் கேட்பது இதுதான்: எனக்கு யார் தானிய மில்க்‌ஷேக் போட்டுத் தருவார்கள்? யார் கதை சொல்வார்கள்? கேட்கச் சுயநலம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த வயதில் துக்கம் இந்த வழியாகத்தான் வெளியே வருகிறது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்பதுதான் அந்தக் கேள்வி. டேவிட் உடனே பதில் சொல்கிறார்: கடையை ஹூப்பர் என்னிடம் விட்டுப்போயிருக்கிறார், மில்க்‌ஷேக் நான் போடுகிறேன், கதை நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். 'அதே மாதிரி இருக்காதே' என்கிறது பறவை. ஆமாம், இருக்காது என்று பாப் ஒப்புக்கொள்கிறார். முதலில் உறுதி, அப்புறம் உண்மை. இந்த வரிசையைப் பல எழுத்தாளர்கள் தலைகீழாக்கிவிடுகிறார்கள், அல்லது உறுதியோடு நிறுத்திக்கொண்டு 'எல்லாம் சரியாகிவிடும்' என்று இசையை ஏற்றிவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிப்பது

என்னைக் கேட்டால் அந்த எபிசோடின் உச்சம் இங்கேதான். ஏன் இப்படி நடக்க வேண்டும், ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள் என்று பிக் பேர்ட் கோபமாகக் கேட்கிறது. கார்டன் கொஞ்சம் தடுமாறிவிட்டு, 'அப்படித்தான்... அது அப்படித்தான்' என்கிறார்.

சாதாரணமாகப் பார்த்தால் இது பெரியவர்கள் பிள்ளையை வாயடைக்கச் சொல்கிற பதில். ஆனால் ஸ்டைல்ஸ் இதற்கு அடித்தளத்தை எபிசோட் தொடங்கும்போதே போட்டுவிட்டார். பிக் பேர்ட் தலையைக் கால்களுக்கு இடையே விட்டுக்கொண்டு பின்பக்கமாக நடந்து வரும். ஏன் இப்படி நடக்கிறாய் என்று கார்டன் கேட்பார். அப்படித்தான் என்று அது சொல்லும். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். காரணமே இல்லாமல் சில விஷயங்கள் உண்டு என்பதை விளையாட்டாகத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு, பிறகு அதே வார்த்தை கார்டன் வாயில் வரும்போது பெரியவர்களுக்கும் விடை தெரியாது என்பது உறைக்கிறது. இதை 'கடவுளுக்கு நல்லவர்களைப் பிடிக்கும், அதனால் அழைத்துக்கொண்டார்' என்று எழுதியிருந்தால்? நல்ல பிள்ளையாக இருக்கவே பயமாகிவிடும்.

அந்தக் காட்சியில் நடிகர்களின் கண்ணீர் நிஜம். சக நடிகர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் யாரும் உடைந்து விழுவதில்லை, கலங்கிய குரலிலேயே பிள்ளைக்குப் பதில் சொல்லி முடிக்கிறார்கள். கல் மாதிரி நிற்கும் பெரியவரும் தவறு, பிள்ளையே தேற்ற வேண்டியிருக்கும் பெரியவரும் தவறு.

அதிர்ச்சிக்காகக் கொல்வது

1986-இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற ரோபோ கார்ட்டூன் தொடர் பெரிய திரைக்கு வந்தது. தலைவன் ஆப்டிமஸ் பிரைமைப் படத்தின் முன்பகுதியிலேயே கொன்றார்கள். காரணம் கதை இல்லை, பொம்மை. பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ புதிய வரிசையை விற்க வேண்டியிருந்தது. தியேட்டரில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கொதித்தார்கள். பிள்ளைகளுக்கு அவன் அப்பா ஸ்தானத்தில் இருந்தான் என்பது கம்பெனிக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. 1987-இல் தொலைக்காட்சித் தொடரில் அவனை உயிரோடு கொண்டுவந்தார்கள்.

அதே கம்பெனியின் 'ஜி.ஐ. ஜோ' படத்தில் டியூக் என்ற நாயகனும் சாகவேண்டியவன். ஆப்டிமஸ் கலவரத்துக்குப் பிறகு, டியூக் கோமாவில் இருக்கிறான் என்று ஒரு வரி, கோமாவிலிருந்து மீண்டான் என்று கடைசியில் இன்னொரு வரி, இரண்டையும் குரலாக மட்டும் சேர்த்துவிட்டார்கள். திரையில் தெரிவது சாவு, காதில் விழுவது கோமா. இரண்டு தவறுகளையும் ஒரே படத்தில் செய்வது சாமர்த்தியம்தான்.

ஒரு எபிசோடோடு முடித்துக்கொள்வது

மறுநாளிலிருந்து அந்தப் பெயரையே எடுக்காவிட்டால், மறந்துவிடுவதுதான் சரி என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். ஹூப்பரின் படத்தைப் பிக் பேர்ட் தன் கூட்டுக்கு மேலே மாட்டிக்கொண்டது. அது அங்கே பல வருஷம் இருந்தது. கடைக்கும் ஹூப்பர் கடை என்ற பெயர் மாறவில்லை. எபிசோட் முடியும்போது ஒரு கைக்குழந்தை வருகிறது. போன உயிருக்கு இந்த உயிர் ஈடு என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

காட்டிப் பார்க்காமல் ஒளிபரப்புவது

நிபுணர்கள் சொன்னால் போதும் என்று நினைப்பதும் தவறு. செசமி ஸ்ட்ரீட்டே 1992-இல் விவாகரத்து பற்றி ஒரு எபிசோட் எடுத்தது. பிக் பேர்டின் நண்பன் ஸ்னஃபியின் பெற்றோர் பிரிகிறார்கள். இங்கேயும் நிபுணர் ஆலோசனை, கவனமான எழுத்து எல்லாம் இருந்தது. முன்கூட்டியே சில பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்பாவுக்கு இனி ஸ்னஃபி மீது பாசம் இல்லை என்று பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். பெற்றோர் சண்டை போட்டாலே பிரிந்துவிடுவார்கள் என்று பயந்தார்கள். செலவு செய்து எடுத்து முடித்ததை ஒளிபரப்பாமல் வைத்துவிட்டார்கள். ஹூப்பர் எபிசோடையும் முதலில் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்த்த பிறகுதான் வெளியிட்டார்கள்.

பெற்றோர் செய்வது

1983-இல் அந்த நவம்பர் 24 அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாள், விடுமுறை. பிள்ளை பார்க்கும்போது பெரியவர் பக்கத்தில் இருப்பார் என்று கணக்குப் போட்டு அந்த நாளை வைத்தார்கள். இன்று பிள்ளை கையில் போன், எந்த எபிசோட் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வேலை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது: முதலில் நீங்கள் பாருங்கள், பிறகு கூட உட்கார்ந்து பாருங்கள். சாவுக் காட்சி வந்ததும் ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். முடிந்த கையோடு 'வருத்தமா இருக்கா?' என்று துளைக்கவும் வேண்டாம். கேள்வி மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது வரலாம். ஒரே கேள்வி பத்துத் தடவையும் வரலாம். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.

விளையாட்டிலும் வரும். ஒரு நாய்க் குடும்பத்தைப் பற்றிய ஆஸ்திரேலியக் கார்ட்டூனான 'ப்ளூயி' தொடரில், 2018-இல் வந்த முதல் சீசனில், அடிபட்ட கிளி ஒன்றை ப்ளூயியும் அப்பாவும் டாக்டரிடம் கொண்டுபோகிறார்கள். அது பிழைக்கவில்லை. வீட்டுக்கு வந்து ப்ளூயி அதையே நடித்துப் பார்க்கிறது: தங்கை பிங்கோ கிளி, அம்மா டாக்டர், ப்ளூயி அப்பா. விளையாட்டிலாவது பிழைக்கட்டும் என்று அம்மா நல்ல சேதி சொல்லப் போகிறாள். ப்ளூயி தலையை ஆட்டி வேண்டாம் என்கிறது, கிளி சாக வேண்டும். அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது. மகள் கேட்டபடியே முகத்தை மாற்றிக்கொண்டு, கிளி பிழைக்கவில்லை என்று டாக்டராகவே சொல்கிறாள்.